செல்ஃப் சுத்துது, வண்டி எடுக்கலை: பம்ப்பை மாற்றுவதற்கு முன்

ஸ்டார்ட் ஆகாத பெட்ரோல் கார்களிலிருந்து கழற்றிப் போட்ட ஃபியூயல் பம்ப்புகளை மேசையில் வைத்துச் சோதித்தால், அவற்றில் பல நன்றாகவே சுற்றும். குற்றவாளி வேறெங்கோ இருந்திருக்கும். கருகிய ரிலே (சின்ன கரண்டால் பெரிய கரண்டை ஆன், ஆஃப் செய்யும் சுவிட்ச்) கால், துருப்பிடித்த எர்த் ஸ்க்ரூ, டேங்க் மூடி கனெக்டரில் உருகிய ஒரு பின், எலி கடித்த வயர் என்று ஏதாவது ஒன்று. புது பம்ப் மாட்டும்போது கனெக்டரைக் கழற்றி மாட்டுவதால் லூஸ் காண்டாக்ட் தற்காலிகமாகச் சரியாகிவிடும். வண்டியும் ஸ்டார்ட் ஆகும். இரண்டு மாதம் கழித்து அதே கதை. அதனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் மல்டிமீட்டரை எடுப்பது நல்லது.

இங்கே சொல்வது பெரும்பாலும் எம்பிஎஃப்ஐ, அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் பெட்ரோல் பீய்ச்சும் கார்களுக்கு. ஆல்டோ, வேகன் ஆர், சான்ட்ரோ, ஐ10 போன்று நம் சாலைகளில் ஓடும் சின்ன கார்கள் எல்லாம் இதில் அடங்கும். கார்புரேட்டருக்கும் டீசலுக்கும் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது.

முதலில் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றவே இல்லையா, சோம்பலாகச் சுற்றுகிறதா, நல்ல வேகத்தில் சுற்றியும் வண்டி எடுக்கவில்லையா? மூன்றும் மூன்று வழிகள். சுற்றவே இல்லை, 'டக்' என்று ஒரே சத்தம் என்றால் பெட்ரோல் பக்கம் போகவே வேண்டாம். பேட்டரி, டெர்மினல், செல்ஃபுக்குக் கரண்ட் விடும் சாலினாய்டு, செல்ஃப் மோட்டார் என்ற வரிசைதான். கிளட்ச்சை மிதித்தால்தான் செல்ஃப் எடுக்கும் கார்களில் கிளட்ச் பெடல் சுவிட்சும், ஆட்டோமேட்டிக்கில் பி, என் (பார்க், நியூட்ரல்) சுவிட்சும் இந்தப் பட்டியலில் சேரும்.

சோம்பலாகச் சுற்றும் வண்டிதான் ஆளை ஏமாற்றும். ராத்திரி முழுக்க நின்ற பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. ஆனால் நிற்கும்போது காட்டும் வோல்ட்டை மட்டும் நம்பக்கூடாது. செல்ஃப் அடிக்கும்போது மீட்டரைப் பேட்டரி முனைகளிலேயே வைத்துப் பாருங்கள். 9.6க்குக் கீழே இறங்கினால் செல்ஃப் சுற்றினாலும் ஈசியு (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) தடுமாறும், இக்னிஷன் காயிலில் பொறி மெலியும், பம்ப்பும் மெதுவாகச் சுற்றும். வெளியே பார்க்கிறவருக்கு அது பெட்ரோல் வராதது போலவே தெரியும். பேட்டரி நல்லது என்றால் அடுத்தது கேபிள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், இன்னொன்றை இன்ஜின் பிளாக்கின் வெறும் உலோகத்திலும் வைத்து செல்ஃப் அடித்தால் 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. காட்டினால் எர்த் கேபிள் கெட்டிருக்கிறது. பாசிட்டிவ் பக்கம், பேட்டரி முனைக்கும் செல்ஃப் மோட்டார் போல்ட்டுக்கும் நடுவில் 0.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். டெர்மினல் பூத்துப்போயிருந்தால் வெந்நீரில் கொஞ்சம் சமையல் சோடா கலந்து ஊற்றித் தேய்த்து, காயவிட்டு, இறுக்கி, மேலே வாஸ்லின் தடவினால் போதும்.

இனி மூன்றாவது வழி. செல்ஃப் கணகணவென்று சுற்றுகிறது, வண்டி எடுக்கவில்லை.

கண்ணாடிகளை ஏற்றி, ஏசி ஃபேனையும் பாட்டையும் நிறுத்திவிட்டு, செல்ஃப் அடிக்காமல் இக்னிஷனை மட்டும் ஆன் செய்யுங்கள். பின் சீட்டுக்குக் கீழேயிருந்து 'உய்ய்ய்' என்று இரண்டு மூன்று நொடி ஒரு சத்தம் வந்து நிற்க வேண்டும். ஈசியு பம்ப்பை ஓட்டி லைனில் அழுத்தம் ஏற்றும் சத்தம் அது. கேட்கவில்லை என்றால் பெட்ரோல் மூடியைத் திறந்து ஒருவர் காதை வைக்க, இன்னொருவர் சாவி போடட்டும். சில கார்களில் கதவைத் திறந்ததுமே பம்ப் ஓடி முடித்துவிடும். அதைத் தெரியாமல் பம்ப் போச்சு என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. டாஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தால் அது இம்மொபிலைசர், சாவியை அடையாளம் தெரியாவிட்டால் வண்டியை எடுக்கவிடாத பூட்டு. இரண்டாவது சாவியை எடுத்துவந்து பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு எதையும் தொட வேண்டும்.

சத்தம் வரவில்லை. ஃபியூஸைக் கண்ணால் பார்த்தால் போதாது. முதுகில் தெரியும் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகளிலும் டெஸ்ட் லேம்ப்பை வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டிலும் எரிந்தால் ஃபியூஸ் நல்லது. அடுத்தது ரிலே. அதே பெட்டியில் அதே எண் அச்சிட்ட ஹாரன் ரிலே இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். பம்ப் ஓடி ஹாரன் ஊமையானால் நோய் தெரிந்துவிட்டது, செலவும் சொற்பம். இடம் மாற்றியும் மாற்றமில்லை என்றால் சாக்கெட்டில் 30 என்ற காலில் எப்போதும் 12 வோல்ட் இருக்கிறதா, இக்னிஷன் போட்டதும் 85, 86 கால்களுக்கு நடுவில் அந்த மூன்று நொடி வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். 30ல் வரவில்லை என்றால் மேலே இருந்து வரும் கரண்டில் கோளாறு. 85, 86ல் வரவில்லை என்றால் ஈசியு உத்தரவு கொடுக்கவில்லை. அதன் பின்னால் ஈசியுவுக்குக் கரண்ட் தரும் மெயின் ரிலே, ஈசியுவின் எர்த், இம்மொபிலைசர் என்று தேட வேண்டும். ஃபோர்டு, ஃபியட் கார்கள் சிலவற்றில் மோதினால் பம்ப்பைத் துண்டிக்கும் இனர்ஷியா சுவிட்ச் ஒன்று இருக்கும். கால் வைக்கும் இடத்துப் பக்கச் சுவரிலோ டாஷ்போர்டுக்கு அடியிலோ ஒளிந்திருக்கும் அந்தப் பட்டன் ஒரு பெரிய பள்ளத்துக்கே மேலே எழும்பிவிடும். அழுத்தினால் வேலை முடிந்தது.

ரிலே வரை எல்லாம் சரியென்றால் பம்ப் கனெக்டருக்கு வாருங்கள். மிக அதிகமான தவறு நடப்பது இங்கேதான். கனெக்டரைக் கழற்றிவிட்டு, வெறும் வயரில் மீட்டரை வைத்து, '12 வோல்ட் வருது, அப்ப பம்ப்தான் போச்சு' என்று சொல்லிவிடுகிறார்கள். ஒரே ஒரு செம்பு இழை ஒட்டிக்கொண்டிருக்கும் வயரிலும் சும்மா இருக்கும்போது 12 வோல்ட் காட்டும். சின்ன காரின் பம்ப் 4 முதல் 6 ஆம்பியர் வரை இழுக்கும். அந்தச் சுமை ஏறியதும் அந்த இழை தாங்காது, வோல்ட் 7க்கோ 5க்கோ விழும். ஆகவே கனெக்டரை மாட்டியபடியே, பின்பக்கமிருந்து மெல்லிய ஊசியைச் செருகி, பம்ப்புக்குக் கரண்ட் போகும்போது அளக்க வேண்டும். பேட்டரியில் இருப்பதைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் குறையக்கூடாது. குறைந்தால் எந்தப் பக்கம் என்று பிரிப்பது சுலபம். மீட்டரின் கறுப்பு முனையை பாடியின் சுத்தமான உலோகத்தில் வைத்து, சிவப்பு முனையால் பம்ப்பின் எர்த் வயரைத் தொடுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் எர்த்தில் கோளாறு. அந்த எர்த் வயர் பாடியில் எங்கே திருகப்பட்டிருக்கிறதோ அங்கே துரு இருக்கும். கடற்கரை ஊர் வண்டிகளில் இதை முதலிலேயே பார்த்துவிடலாம். சரியான வோல்ட் வந்தும் பம்ப் அசையவில்லை என்றால் இப்போது தைரியமாகச் சொல்லலாம், பம்ப் போய்விட்டது. நடுரோட்டில் நிற்கும்போது டேங்க்கின் அடியில் ரப்பர் சுத்தியலாலோ செருப்பாலோ நாலு தட்டு தட்டினால், மோட்டாரின் கரித்துண்டு (பிரஷ்) தேய்ந்த பம்ப் சில சமயம் கடைசியாக ஒரு முறை சுற்றும். வீடு போய்ச் சேரலாம், அவ்வளவுதான். மறுநாள் அதை நம்பிக் கிளம்பக்கூடாது.

சத்தம் வருகிறது, ஆனாலும் வண்டி எடுக்கவில்லை என்றால் பெட்ரோலா பொறியா என்று பிரிக்க வேண்டும். பத்து நொடி செல்ஃப் அடித்துவிட்டு சைலன்சர் முனையில் மோந்து பாருங்கள். பச்சைப் பெட்ரோல் வாசனை அடித்தால் பெட்ரோல் போகிறது, எரியவில்லை. வாசனையே இல்லை என்றால் போகவில்லை. இன்னும் உறுதியாக வேண்டுமானால் ஒரு ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றுங்கள். நனைந்திருந்தால் பொறி பக்கம் தேடுங்கள், காய்ந்திருந்தால் பெட்ரோல் பக்கம். ஏர் ஃபில்டருக்குப் பின்னால் கார்ப் கிளீனரை ஒரே ஒரு நொடி அடித்துவிட்டு, குழாயைத் திரும்ப மாட்டி, ஆள் விலகிய பிறகு செல்ஃப் அடித்துப் பார்க்கலாம். வண்டி இரண்டு நொடி ஓடி அணைந்தால் பொறி நன்றாக இருக்கிறது, பெட்ரோல்தான் வரவில்லை. பாட்டிலில் பெட்ரோல் எடுத்து ஊற்றிப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். பின்தீ அடித்தால் கையில் பற்றும்.

அடித்து அடித்து ப்ளக் நனைந்துவிட்டதா? ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தியபடி ஐந்தாறு நொடி செல்ஃப் அடியுங்கள். பெரும்பாலான எம்பிஎஃப்ஐ கார்களில் ஈசியு அப்போது இன்ஜெக்டரை நிறுத்திவிடும், காற்று மட்டும் போய் உள்ளே காயும். கார்புரேட்டர் காலத்துப் பழக்கத்தில் பெடலைப் பம்ப் அடிப்பதில் இங்கே ஒரு பயனும் இல்லை.

பெட்ரோல் பக்கம் என்று தெரிந்துவிட்டால் ஊகத்துக்கு வேலையில்லை, பிரஷர் கேஜ் மாட்டிவிட வேண்டும். லைனைத் திறப்பதற்கு முன் பம்ப் ரிலேயைப் பிடுங்கிவிட்டு, வண்டி ஓடும் நிலையில் இருந்தால் தானாக அணையும் வரை ஓட்டி, மறுபடி இரண்டு முறை செல்ஃப் அடித்து அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். கழற்றும் பைப் இணைப்பைச் சுற்றித் துணி, பக்கத்தில் தீயணைப்பான். இவ்வளவும் இல்லாமல் கை வைக்கக்கூடாது. நம்மூர்ச் சின்ன கார்கள் பலவற்றில் அழுத்தம் 3 பாரை (பார் என்பது அழுத்தத்தின் அளவு) ஒட்டி இருக்கும், சிலவற்றில் 3.5 அல்லது 4 பார் வரை. அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும் எண்தான் இறுதி.

கேஜ் காட்டும் ஒரு எண்ணைவிட முள் நகரும் விதம்தான் அதிகம் சொல்லும். பம்ப் ஓடும்போது 3 பார் வந்து, நின்றதும் ஒரு நிமிடத்துக்குள் அடியோடு விழுந்தால், அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் ஏதோ ஒன்று கசிகிறது. பெட்ரோலைத் திரும்ப விடாத பம்ப்பின் செக் வால்வாக இருக்கலாம், அழுத்தத்தை அளவோடு வைக்கும் ரெகுலேட்டராக இருக்கலாம், சொட்டும் இன்ஜெக்டராக இருக்கலாம். டேங்க்கிலிருந்து வரும் ஹோஸை இன்ஜின் பக்கம் இறுக்கிப் பிடித்து மறுபடி பாருங்கள். பிடித்த பிறகு விழாமல் நின்றால் கசிவு டேங்க் பக்கம், விழுந்துகொண்டே இருந்தால் இன்ஜெக்டர் பக்கம். பிளாஸ்டிக் பைப்பை இடுக்கியால் நசுக்கிவிடாதீர்கள், உடைந்துபோகும். ரப்பர் ஹோஸ் இருக்கும் இடத்தில் மட்டும்தான் இந்த வேலை. 2 பாருக்கு மேல் ஏறவே மாட்டேன் என்றால் அடைத்த ஃபில்டர், தேய்ந்த பம்ப், திறந்தே நிற்கும் ரெகுலேட்டர் ஆகிய மூன்றில் ஒன்று. அழுத்தம் சரியாக இருந்து அளவு குறைவாக வருவதும் உண்டு. அளவுப் பாட்டிலில் பிடித்தால் அரை நிமிடத்தில் அரை லிட்டருக்குக் குறையாமல் வர வேண்டும்.

கேஜ் கையில் இல்லாதபோது ஒரு எளிய சோதனை. காலையில் நீளமாகச் செல்ஃப் அடித்தால்தான் எடுக்கிற வண்டியில், இக்னிஷனை ஆன் செய்து மூன்று நொடி விட்டு ஆஃப் செய்யுங்கள். இப்படி மூன்று முறை செய்துவிட்டு செல்ஃப் அடியுங்கள். அரைச் சுற்றிலேயே எடுத்தால் ராத்திரியில் அழுத்தம் வடிந்துவிடுகிறது என்று அர்த்தம். மூன்று முறை செய்தும் அதே கதை என்றால் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சரைப் பாருங்கள். பெரும்பாலான சென்சர்கள் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம் காட்டும். குளிர்ந்த இன்ஜினைச் சூடானது என்று அது பொய் சொன்னால் ஈசியு பெட்ரோலைக் குறைத்துவிடும்.

கோளாறு எப்போது வருகிறது என்ற கேள்விக்குச் சரியான பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. பெட்ரோல் பங்கில் டேங்க் நிரப்பியதும் மட்டும் ஸ்டார்ட் ஆகாமல் அடம் பிடிக்கிறதா? பம்ப்பைத் தொடவே வேண்டாம். டேங்க் ஆவியை இன்ஜினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வு மூடாமல் நிற்கிறது. அதன் கனெக்டரைக் கழற்றிவிட்டு வாயால் ஊதிப் பாருங்கள், காற்று போகக்கூடாது. அதைக் கெடுப்பதில் நம் பழக்கத்துக்கும் பங்கு உண்டு. ஆட்டோகட் ஆன பிறகு, 'ரவுண்டா போட்டுருங்க' என்று கழுத்து வரை நிரப்பினால் பெட்ரோல், டேங்க் ஆவியைப் பிடித்து வைக்கும் கரி கேனிஸ்டருக்குள் போய், கரித்தூள் வால்வில் சிக்கிக்கொள்ளும். இப்படி நின்றுபோன வண்டியைப் பெடலைப் பாதி அழுத்திச் செல்ஃப் அடித்தால் இருமி இருமி எடுத்துவிடும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது அணைந்து, இருபது நிமிடம் ஆறியதும் ஒன்றுமே நடக்காதது போல எடுக்கும் வண்டியில் முதல் சந்தேகம், இன்ஜின் சுற்றுவதை ஈசியுவுக்குச் சொல்லும் கிராங்க் சென்சர். ஈசியுவின் தகவலைப் படிக்கும் ஸ்கேனரைப் போட்டு, செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் பாருங்கள். 150லிருந்து 300க்குள் ஏதாவது காட்டினால் சென்சர் பேசுகிறது. பூஜ்யமாகவே நின்றால் ஈசியுவுக்கு இன்ஜின் சுற்றுவதே தெரியவில்லை, பெட்ரோலும் விடாது, பொறியும் விடாது. கிராங்க் சென்சர் கோளாறைச் சொல்லும் பி0335 கோடு வந்திருந்தால் சந்தேகம் வலுக்கும், வராவிட்டாலும் தப்பவிடக்கூடாது. அணைந்த நிலையிலேயே சென்சர் மேல் குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வைத்து உடனே எடுத்தால் அதுதான். இதே அறிகுறியைச் சூடேறிய பம்ப்பும் காட்டும், ஆனால் பம்ப் சாகும்போது வண்டி முதலில் இழுவை குறைந்து, திணறித்தான் நிற்கும். சென்சர் போனால் சுவிட்சை அணைத்தது போல நிற்கும். ஒரு மணி நேரம் ஓட்டியதும் திணறி, பெட்ரோல் மூடியைத் திறந்தால் 'புஸ்' என்று காற்றை உள்ளே இழுத்துக்கொண்டு சரியாகும் வண்டியில் டேங்க்குக்குக் காற்று போகும் வழி அடைத்திருக்கிறது.

ரிசர்வ் விளக்கு எரிந்தபடியே ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டேங்க்குக்குள் மூழ்கியிருக்கும் பம்ப்பைக் குளிர்விப்பது பெட்ரோல்தான். கால் டேங்குக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டால் பம்ப் பல வருடம் வரும். சிஎன்ஜி கார் வைத்திருப்பவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். பெரும்பாலானவை பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகித்தான் கேஸுக்கு மாறும். மாதக்கணக்கில் இரண்டு லிட்டர் பழைய பெட்ரோலிலேயே பம்ப் கிடக்கும்.

இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தண்ணீரை இழுக்கும். ஓர் அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்துவிட்டால் எத்தனாலும் தண்ணீரும் கூட்டுச் சேர்ந்து அடியில் தனி அடுக்காக இறங்கிவிடும். பம்ப்பின் வாய் இருப்பதும் அங்கேதான். சந்தேகம் வந்தால் டேங்க் அடியிலிருந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். நடுவில் கோடு தெரிந்தால் டேங்க்கை முழுக்க வடித்துவிட வேண்டும், மேலே புதுப் பெட்ரோல் ஊற்றிச் சரிக்கட்ட முடியாது. பழைய கார்களில் இன்னொரு சிக்கல், டேங்க்கில் வருடக்கணக்கில் படிந்த கசடை எத்தனால் கரைத்து ஃபில்டருக்குக் கொண்டுவந்துவிடும். பழைய ரப்பர் ஹோஸும் ஊறிப்போய் வெடிப்பு விடும். பழைய வண்டியில் ஃபில்டரையும் ஹோஸையும் ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது.

மழைக்காலத்தில் எலி. வயரை மட்டுமல்ல, பெட்ரோல் ஹோஸையும் கடிக்கும். பானெட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாசனை அடித்தால் சாவியையே தொடாதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளமும் 2023ன் மிக்ஜாம் புயலும் சென்னைக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இன்னொன்று. தண்ணீரில் நின்ற வண்டியில் செல்ஃப் அடிக்கவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். ப்ளக்குகளைக் கழற்றிய பிறகுதான் சுற்ற வேண்டும்.

கார்புரேட்டர் வண்டி எளிது. பழைய மாருதி 800, அம்பாசிடர், பத்மினி எல்லாவற்றுக்கும் ஒரே வழி. கார்புரேட்டருக்கு வரும் ஹோஸைக் கழற்றிப் பாட்டிலில் விட்டு, காயில் வயரையும் கழற்றிவிட்டு செல்ஃப் அடித்தால் துடித்துத் துடித்துப் பெட்ரோல் வர வேண்டும். வராவிட்டால் மெக்கானிக்கல் பம்ப்பின் டயாஃப்ரம். வந்தும் எடுக்காவிட்டால் கார்புரேட்டருக்குள் பெட்ரோலை விடும் நீடில் வால்வு ஒட்டியிருக்கும், பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் சேம்பரை ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். வெயிலில் மலை ஏறும்போது பெட்ரோல் ஆவியாகிப் பம்ப்பில் அடைத்துக்கொண்டால், ஈரத்துணியைப் பம்ப்பின் மேல் போட்டுக் காத்திருப்பதுதான் அன்றும் இன்றும் வைத்தியம்.

டீசலில் ஃபில்டரின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடித்து, கைப் பம்ப்பை அது கெட்டிப்படும் வரை அடித்து ஏர் எடுத்துவிடலாம். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் வண்டியில் இன்ஜெக்டர் பைப்பை மட்டும் லூஸ் செய்யாதீர்கள். ஓடும்போது அங்கே ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம், பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

எல்லா அளவும் பார்த்தாயிற்று, பம்ப்தான் என்று உறுதியாகிவிட்டது. சில கார்களில் பின் சீட்டைத் தூக்கினால் வட்ட மூடி இருக்கும், சிலவற்றில் டேங்க்கையே இறக்க வேண்டும். மூடியைத் திறப்பதற்கு முன் சுற்றியிருக்கும் மண்ணை வாக்குவம் வைத்து உறிஞ்சிவிடுங்கள், இல்லாவிட்டால் அத்தனையும் டேங்க்குக்குள்தான் விழும். பம்ப்போடு அடி வலையையும், மூடியின் ஓ ரிங்கையும் புதிதாகப் போடுங்கள். பழைய ஓ ரிங் பெட்ரோலில் உப்பி, திரும்ப உட்காராது. கனெக்டர் பின்னில் கருகல் இருந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள், இல்லாவிட்டால் புது பம்ப்பும் அதே வழியில் போகும். மாட்டி முடித்ததும் இக்னிஷனை நாலைந்து முறை ஆன், ஆஃப் செய்து அழுத்தம் ஏற்றி, டார்ச் அடித்து மூட்டுகளைப் பாருங்கள். சீட்டை உடனே மூடிவிடாமல் ஒருமுறை டேங்க்கை நிரப்பி, மூடியைச் சுற்றி ஈரம் கசியவில்லை என்று பார்த்த பிறகு மூடுங்கள்.